கழிவறை வாசலில் பனிக்காலம்

டிசம்பர் டர்பனில் காற்று
பிழியாத துணி மாதிரி முகத்தில் ஒட்டும்.
சாட்ஸ்வொர்த்திலிருந்து டாக்ஸியில் நெருக்கி உட்கார்ந்து வந்தோம்:
இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு வலைப் பாவாடை,
என் சட்டைப்பையில்
அரங்கத்துக்குள் கொண்டுபோகக் கூடாத
மூன்று சமோசா.

டிக்கெட் எடுத்தவள் என் மனைவி.
கடைசி நேரத்தில் மருத்துவமனையில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள்.
'தூங்கிடாதே' என்று வாசலில் நின்று சொன்னாளே,
அது பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

'பனி எப்படிப்பா இருக்கும்?'
திலோஷ்ணிக்கு ஏழு வயது, எதையும் சும்மா விடமாட்டாள்.
நான் துறைமுகத்தில் சர்க்கரைக் கிடங்கில் வேலை செய்கிறவன்.
'எங்க கிடங்குச் சர்க்கரை மாதிரி, மலை மலையா.'
'அது பழுப்பு நிறம்தானே?'
'வெள்ளையா நினைச்சுக்கோ.'
நினைத்துக்கொண்டாள். முகத்தில் திருப்தி இல்லை.

உள்ளே இருட்டு, ஏசி, வெல்வெட்.
கெரிஷாவுக்கு நாலு வயது, எடை போதவில்லை;
மடக்கு நாற்காலி அவளோடு சேர்ந்து மடிந்தது.
'அப்பா, சேர் என்னைச் சாப்பிடுது!'
டார்ச்சோடு நின்ற நொக்வாண்டா
ஒரு மெத்தையைக் கொண்டுவந்து செருகினாள்.
திரை விலகியது.
இளவரசன் பாய்ந்து வந்து ஒற்றைக்காலில் நின்றான்.
அந்த ஒரு நொடி நிசப்தத்தில்
'அந்த அங்கிள் பேன்ட் போட மறந்துட்டார்.'
முன்வரிசை அம்மாளின் தோள்கள் குலுங்கின.
கோபமா சிரிப்பா, இன்றுவரை தெரியாது.

பனிக் காட்சிக்கு வயலின்கள் கூடும் நேரம் பார்த்து
'அப்பா, ஒண்ணுக்கு.'
'அஞ்சு நிமிஷம்மா.'
'இப்பவே.'
பெரியவளை நொக்வாண்டாவிடம் விட்டுவிட்டு
சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆண்கள் பக்கம் அவள் வரமாட்டாள்.
பெண்கள் பக்கம் நான் போக முடியாது.
கதவைக் காலால் திறந்து பிடித்தபடி
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்,
காவல்காரன் போல, திருடன் போல.
சுவருக்கு அப்பால்
கடுகு வெடிப்பது மாதிரி கைதட்டல்.
பனி விழுகிறது என்று புரிந்தது.
பாதியில் ஒரு சின்னக் குரல்: 'சோப்பு எங்கே?'

திரும்பும் வழியில் ஒரு பக்கக் கதவு திறந்து கிடந்தது.
படிக்கட்டில் ஆட்டக்காரி ஒருத்தி
இறகுப் பாவாடையை இடுப்பில் சுருட்டிவைத்துக்கொண்டு
கட்டைவிரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
சாயம் வழிந்து கழுத்தில் கோடு.
ஓடி வந்தவள் போல மூச்சு.
கெரிஷா நின்றுவிட்டாள்.
என் பையில் கைவிட்டு
எண்ணெய் ஊறிய சமோசா ஒன்றை எடுத்து நீட்டினாள்.
அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.
வாங்கினாள். இரண்டே கடி.
விரலை உதட்டில் வைத்தாள்.
உள்ளே யாரோ கூப்பிட, முதுகு நிமிர்ந்தது,
ஒரு வினாடியில் எடையே இல்லாதவளாகிப் போனாள்.

'பனி வந்துச்சு, முடிஞ்சும் போச்சு' என்றாள் திலோஷ்ணி,
ஊருக்குப் போய் வந்தவள் தோரணையில்.
மூடிய கைக்குள் ஒரு காகிதத் துணுக்கு,
வியர்வையில் சாம்பல் நிறமாகியிருந்தது.
அதை எனக்குத் தரவில்லை. காட்டினாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம்
பெரியவள் சோபாவைச் சுற்றிச் சுற்றிப் பனியாக விழுந்தாள்.
சின்னவள் சமையலறைப் படியில் உட்கார்ந்து
பத்து விரலுக்கும் பிளாஸ்டர் ஒட்டி
பலமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.
'நீ ஆடலியா?'
'ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன்.'

எட்டு மணிக்கு மனைவி வந்தாள்.
பையை வைக்காமல் அதே படியில் சரிந்து
வெள்ளை ஷூவை உதறினாள்.
குதிகாலில் தோல் உரிந்திருந்தது.
கெரிஷா குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.
பெட்டியில் மிச்சமிருந்த ஒற்றைப் பிளாஸ்டரைப் பிரித்துக்கொண்டே
ரகசியமாகக் கேட்டாள்:
'அம்மா, நீயும் அதுல ஆடினியா?'

'எதுல?' என்றாள் மனைவி, என்னைப் பார்த்து.